சேலை வேண்டாம், ஆடு கொடுங்கள்!

2015ஆம் ஆண்டு ஜூலை 10. ரமளான் மாதத்து வெள்ளிக்கிழமை. வங்கதேசத்தின் மைமன்சிங் நகரில் ஒரு புகையிலைத் தொழிற்சாலை அதிபர் ஜகாத் துணி கொடுக்கிறார் என்ற செய்தி பரவி, விடியற்காலையிலேயே வாசலில் பெருங்கூட்டம் கூடிவிட்டது. கதவு திறந்ததும் நெரிசல். 20க்கும் மேற்பட்டோர் மிதிபட்டே இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஒரு சேலைக்காக!

அந்த நாட்டில் ரமளான் வந்துவிட்டால் 'ஜகாத் சேலை இங்கே கிடைக்கும்' என்று துணிக்கடைகளில் பலகை தொங்கும். அது என்ன ஜகாத் சேலை? வேறு யாரும் விலை கொடுத்து வாங்காத, இரண்டு முறை துவைத்தால் சாயம் போகும் சேலை! ஏழைக்கென்றே தனியாக நெய்த மட்ட ரகம். நம் ஊர் ஜவுளி வியாபாரிகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ரமளானின் கடைசிப் பத்தில் எந்தச் சரக்கு மொத்தமாகப் போகிறது என்று அவர்களுக்கே தெரியும்.

இதே வங்கதேசத்தில், இதே ஏழைப் பெண்ணிடம் வேறொரு கூட்டத்தார் வேறொரு முறையில் போய்ச் சேர்ந்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் செய்த வேலையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது, மறுக்க வேண்டியதும் இருக்கிறது. தொண்டு நிறுவனம் என்றாலே முகம் சுளிக்கும் நம் இளைஞர்களும், தொண்டு நிறுவனம் என்றாலே கைதட்டும் நம் படித்தவர்களும் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

மூன்று விரல் உப்பு

1970 நவம்பரில் வங்கக் கடலில் எழுந்த புயல் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டு போனது. அப்போது சிட்டகாங்கில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர் ஃபஸ்லே ஹசன் ஆபித். பிணங்கள் மிதந்த கரைகளைப் பார்த்த பிறகு அந்த உத்தியோகம் அவருக்கு ஒட்டவில்லை. அடுத்த ஆண்டு போர். போர் முடிந்ததும் லண்டனில் இருந்த தன் வீட்டை விற்று, அந்தப் பணத்துடன் 1972இல் சில்ஹட் பகுதியின் சுல்லா என்னும் ஒதுக்குப்புறத்துக்குப் போனார். இந்தியாவிலிருந்து திரும்பி வந்த அகதிகளுக்குக் கூரை போட்டுக் கொடுப்பது முதல் வேலை. அப்படிப் பிறந்ததுதான் பிராக். 2019 டிசம்பரில் ஆபித் மறைந்தபோது அது உலகின் மிகப் பெரிய தொண்டு நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்திருந்தது.

பிராக் என்றதும் பலருக்குக் கடன்தான் நினைவுக்கு வரும். எனக்கு வருவது உப்பும் வெல்லமும்.

அந்த நாட்டில் வயிற்றுப்போக்கு குழந்தைகளை வாரிக் கொண்டு போன காலம் அது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சரியான அளவில் குடிக்கக் கொடுத்தாலே பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும் என்பதை 1960களின் இறுதியில் டாக்காவின் காலரா ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்தவர்கள் காட்டியிருந்தார்கள். 1971இல் எல்லைக்கு இந்தப் பக்கம், பன்காவ் அகதி முகாமில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் அதைப் பெருங்கூட்டத்துக்கே கொடுத்து உயிர்களைக் காப்பாற்றினார். மருந்து கண்டுபிடித்தாயிற்று. ஆனால் ரோடே இல்லாத கிராமத்துத் தாய்க்கு அதை யார் கொண்டு போவது?

பிராக் பெண்களை அனுப்பியது. 1980 முதல் 1990 வரை, பத்து ஆண்டுகள், வீடு வீடாக. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாயை உட்கார வைத்து, அவள் கையாலேயே கலக்கச் சொல்லி, சரியாக வரும்வரை விடவில்லை. ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வீடுகள்!

வியாபாரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் காது கொடுங்கள். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கேட்டு அந்தப் பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. சில நாட்கள் கழித்து வேறொருவர் போய் அந்தத் தாய்மாரில் சிலரைக் கேட்பார். அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பத்தான் சொல்லிக் கொடுத்தவளுக்குக் கூலி. (நம் பயான்களுக்கு இந்த முறையில் ஹதியா கொடுத்தால் எத்தனை பேர் மிம்பரில் ஏறுவோம் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.)

அப்படியும் ஆரம்பத்தில் ஒரு சிக்கல். தாய்மாருக்குப் பாடம் தெரிந்தது. ஆனால் பிள்ளைக்கு நோய் வந்தபோது பலர் அதைக் கொடுக்கவில்லை. ஏன் என்று தோண்டினார்கள். சொல்லிக் கொடுக்கப் போனவர்களிலேயே சிலருக்கு அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிறு போனால் மாத்திரையைத்தான் விழுங்கினார்கள். இன்னொரு காரணமும் கிடைத்தது. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை. அதன்பின் சந்தைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். அதற்குப் பிறகே அந்த நீர் குழந்தைகளின் வாய்க்குப் போனது.

பெண்ணை உயர்த்துவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவளைத் தேடிப் போனார்கள். அவள் கையில் ஒரு திறமையைக் கொடுத்தார்கள். பிறகு யாராலும் அதை அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

கடன் வந்த கதை

இனி கடனுக்கு வருவோம். சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் முஹம்மது யூனுஸ், 1974 பஞ்சத்துக்குப் பிறகு பக்கத்திலிருந்த ஜோப்ரா கிராமத்துக்குள் நடந்தார். மூங்கில் முக்காலி முடையும் ஒரு பெண்ணைக் கண்டார். மூங்கில் வாங்க அவளிடம் காசு இல்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்குவாள். அதற்காக, முடைந்த முக்காலியை அவன் சொன்ன விலைக்கே அவனிடம் விற்க வேண்டும். நாள் முழுக்க உழைத்து அவளுக்கு மிஞ்சியது சில்லறைக் காசு. இப்படிச் சிக்கியிருந்த 42 பேருக்குத் தேவைப்பட்ட மொத்தத் தொகை 856 டாக்கா! யூனுஸ் 1976இல் அதைத் தன் பையிலிருந்தே கொடுத்தார்.

அந்தப் பெண்ணைக் கட்டிப் போட்டவன் வட்டிக்கடைக்காரன் மட்டுமல்ல, சரக்கு எடுக்கும் வியாபாரியும்தான் என்பதை நம் வணிகச் சகோதரர்கள் தாண்டிப் போகக் கூடாது. பாய் முடையும் பெண்ணும், பீடி சுற்றும் பெண்ணும், தொப்பி பின்னும் பெண்ணும் சரக்கைக் கொடுத்துவிட்டுக் காசுக்கு எத்தனை நாள் நடக்கிறார்கள்? பிராக் 1978இல் ஆரோங் என்ற கடையைத் திறந்ததற்கு இதுவே காரணம். கிராமத்துப் பெண்கள் செய்த பொருளுக்கு நகரத்துக் கடைகள் மாதக்கணக்கில் பணம் தராமல் இழுத்தடித்தன. சரக்கு வந்தவுடன் கையில் காசு கொடுக்கும் கடை ஒன்று தேவைப்பட்டது.

யூனுஸின் முயற்சி 1983இல் கிராமீன் வங்கியானது. கடன் பெற்றவர்களில் 100க்கு 90க்கும் மேல் பெண்கள். ஐந்து பேர் ஒரு குழு, வாரக் கூட்டம், வாரத் தவணை. 2006இல் யூனுஸுக்கும் வங்கிக்கும் சேர்த்தே நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. வங்கியின் சார்பில் மேடையேறி வாங்கியவர், கடன் பெற்று உயர்ந்து அதன் இயக்குநர்களில் ஒருவரான தஸ்லிமா பேகம் என்ற கிராமத்துப் பெண். அந்தக் காட்சி உலகம் முழுவதும் போனது. கடன்தான் பெண் விடுதலை என்ற மந்திரமும் அத்துடன் போனது.

ஆனால் அந்தக் கடனுக்கு வட்டி உண்டு. கிராமீனின் தொழில் கடனுக்கு ஆண்டுக்கு 20 சதவீதம். மற்ற நிறுவனங்கள் அதற்கும் மேல் போனதால், 27 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையமே வரம்பு கட்ட வேண்டி வந்தது. வட்டியைப் பற்றி மார்க்கம் சொல்வது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவர்களுடைய அளவுகோலிலேயே அளந்து பார்ப்போம்.

கோட்ஸ், சென் குப்தா என்னும் இரு ஆய்வாளர்கள் வங்கதேசத்தில் 253 பெண்கள் வாங்கிய கடனைப் பின்தொடர்ந்து, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். கடன் பெண் பெயரில். பணம் யார் கையில்? பெண்ணின் கட்டுப்பாட்டில் முழுமையாகவோ பெருமளவோ இருந்தது 37 சதவீதக் கடன்கள்தான். மற்றவற்றைக் கணவனோ மகனோ மருமகனோ எடுத்துக்கொண்டார்கள். தவணை கட்டும் நாளில் மட்டும் அவள்! மானுடவியலாளர் லாமியா கரீம் 2011இல் வெளியிட்ட நூல் இன்னும் உள்ளே போகிறது. தவணை தவறிய வீட்டில் குழுவின் மற்றப் பெண்களே வந்து பானையையும் மூக்குத்தியையும் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போனதை அவர் எழுதுகிறார். கிராமத்துப் பெண்ணின் மானம்தான் அங்கே அடமானம்.

2015இல் போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ, இந்தியா ஆகிய 6 நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒன்றாக வெளியாயின. இந்தியாவில் ஆய்வு நடந்தது ஹைதராபாத்தின் ஏழைக் குடியிருப்புகளில். சிறு கடனால் சிலருக்குத் தொழில் கொஞ்சம் பெருகியிருக்கிறது. வறுமை ஒழிந்ததாகவோ, பெண்ணின் சொல்லுக்கு வீட்டில் மதிப்புக் கூடியதாகவோ தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை.

இது எங்கோ நடக்கும் கதை அல்ல. நம் மஹல்லாக்களிலும் வாரக் கடன் குழுக்கள் நுழைந்துவிட்டன. வசூல் தொல்லை முற்றியதால் 2025இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டு வந்தது. அந்தக் குழுக்களில் நம் தாய்மார்களும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் அறிவார்கள். பேசுவதில்லை, அவ்வளவுதான்.

கொளுத்தியவர்கள் என்ன கொடுத்தார்கள்?

வங்கதேசத்து உலமாக்களில் ஒரு சாரார் 1993, 94 ஆண்டுகளில் பேசினார்கள். பேசியதோடு நிற்கவில்லை. பிராக்கின் பள்ளிகள் பல கொளுத்தப்பட்டன. பட்டுப்புழு வளர்க்கப் பெண்கள் நட்டிருந்த மல்பெரிச் செடிகள் பிடுங்கப்பட்டன. அந்நியப் பணம், மதமாற்றச் சதி என்று ஃபத்வாக்கள் பறந்தன.

எரிந்த பள்ளிகள் எவை? 1985இல் 22 பள்ளிகளோடு தொடங்கியவை அவை. ஒரே அறை. முப்பது சொச்சம் பிள்ளைகள், அதில் பெரும்பகுதி பெண் பிள்ளைகள். பாடம் நடத்துபவர் அதே ஊரைச் சேர்ந்த பெண். அரசுப் பள்ளி எட்டாத ஏழை வீட்டுச் சிறுமி எழுத்துக் கற்ற இடம். கடனுக்கு வட்டி வாங்குவது மார்க்கத்துக்கு முரண் என்று ஓர் ஆலிம் சொன்னால் அது அவர் கடமை. அதற்காகச் சிறுமியின் பள்ளிக்கூடத்துக்கு நெருப்பு வைப்பது எந்த மார்க்கம்? கல்வி தேடுவது கடமை என்று மிம்பரில் ஓதிய நாவு, கல்விக்கூடம் எரிந்தபோது எங்கே போனது?

வட்டிக் கடனைத் தடுத்தவர்கள் அந்த விதவைக்கு வட்டியில்லாமல் ஒரு டாக்கா நீட்டினார்களா? நீட்டியிருந்தால் அவள் ஏன் குழுவில் போய் உட்காருகிறாள்? அந்தச் சண்டையில் கிராமத்துப் பெண்கள் தொண்டு நிறுவனத்தின் பக்கமே நின்றதில் எனக்கு வியப்பில்லை. அவர்கள் வாசலுக்கு வந்தவர் அவர்தான்.

கடன் எட்டாதவள்

இப்போது சொல்லப் போவதுதான் என்னை எழுத வைத்த விஷயம்.

ஆண்டுகள் போகப் போக பிராக்கே ஒன்றை ஒப்புக்கொண்டது. கடன் திட்டம் அடிமட்ட ஏழையை எட்டவே இல்லை. ஊரில் ஆக ஏழையாக இருந்த பெண் குழுவில் சேரவில்லை. திருப்பிக் கட்ட முடியாது என்று அவளுக்கே தெரியும். மற்றப் பெண்களும் அவளைச் சேர்க்கவில்லை. ஆகவே 2002இல் வேறொரு திட்டம் தொடங்கினார்கள். அதில் கடன் இல்லை. கொடை!

முதலில் ஊரைக் கூட்டுகிறார்கள். இந்த ஊரில் யார் பணக்காரர், யார் ஏழை, யார் அவரிலும் ஏழை என்று ஊராரையே வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். கடைசி வரிசையில் நிற்பவள் பெரும்பாலும் விதவை, கைவிடப்பட்டவள், வீட்டு வேலை செய்து பிழைப்பவள். பணியாளர்கள் அவள் குடிசைக்குப் போய்ச் சரிபார்க்கிறார்கள். பிறகு ஒரு மாடோ, சில ஆடுகளோ, கோழிகளோ, சிறு கடைக்கான சரக்கோ அவளுக்கே சொந்தமாகக் கொடுக்கிறார்கள். மாடு பால் கொடுக்கும்வரை அவள் சாப்பிட வேண்டுமே? அதற்கு வாராவாரம் கொஞ்சம் பணம். இல்லையென்றால் மாட்டை விற்றுத்தான் சாப்பிடுவாள். நோய்க்கு மருந்து. கையெழுத்துப் போடப் பயிற்சி. அவள் சொத்தை வேறு யாரும் அபகரிக்காமல் பார்த்துக்கொள்ள ஊர்ப் பெரியவர்களைக் கொண்ட ஒரு கமிட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் ஒரு பணியாளர் அவள் வாசலுக்கு வருவார்.

20 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படிக் கரையேறக் கை கொடுக்கப்பட்டன. வங்கதேசத்தில் மட்டும் பலித்த வித்தையா இது என்று கேட்டு, எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பாகிஸ்தான், பெரு, இந்தியா ஆகிய 6 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்துச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. உதவி நின்று ஓராண்டு கழித்தும் அந்தக் குடும்பங்களின் உணவும் வருமானமும் மொத்தத்தில் உயர்ந்தே நின்றன. மேற்கு வங்கத்தில் முர்ஷிதாபாத் மாவட்டத்தில், நம் சமுதாயமே பெரும்பான்மையாக வாழும் மாவட்டத்தில், பந்தன் என்ற நிறுவனம் இதைச் செய்தது. பத்து ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்தப் பெண்கள் பழைய நிலைக்குச் சரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வங்கதேசத்தில் இதே திட்டத்தை ஆராய்ந்த ஒரு குழு, கொடுத்த கால்நடை பெண்ணின் சொந்தமாகவே நின்றது, ஆனால் குடும்பம் புதிதாகச் சேர்த்த மற்றச் சொத்துகள் பெரும்பாலும் ஆணின் பெயரிலேயே போயின என்று கண்டது. பெண்ணின் சம்பாத்தியம் பெண்ணுக்கே உரியது என்று மார்க்கம் தெளிவாகச் சொல்லியிருக்கும் ஒரு சமுதாயத்தில்தான் இதுவும் நடக்கிறது.

நம் கிதாபில் இல்லாததா?

மதரஸாவில் ஜகாத் பாடம் ஓதியவர்களைக் கேட்கிறேன். தம்லீக் என்று ஓதினோமே, நினைவிருக்கிறதா? ஜகாத்தைப் பெறுபவருக்கு முழு உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிபந்தனை. ஷாஃபி மத்ஹபின் இமாம் நவவி, ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டிலேயே, இன்னும் ஒரு படி மேலே போய் 'அல்மஜ்மூஃ' நூலில் விரிக்கிறார். கைத்தொழில் தெரிந்த ஏழைக்கு அவன் கருவியை வாங்கும் அளவு கொடு. வியாபாரம் தெரிந்தவனுக்கு முதல் கொடு. கீரை விற்பவனுக்கு ஓர் அளவு, நகை விற்பவனுக்கு ஓர் அளவு என்று தொழிலுக்குத் தொழில் வேறுபடுத்தியும் காட்டுகிறார். மீண்டும் ஜகாத் கேட்டு வராத அளவுக்கு அவன் நிமிர வேண்டும் என்பது அவர் கணக்கு.

எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கிதாப் நம் அலமாரியில் இருக்கிறது. 2002இல் வெளிநாட்டு நன்கொடைகளையும் வாங்கிக்கொண்டு ஒரு தொண்டு நிறுவனம் இதைச் செய்து காட்டியது. நாமோ பத்து லட்சம் ஜகாத்தை ஆயிரம் பேருக்கு ஆயிரம் ரூபாயாகப் பிரித்து, அந்த ஆயிரம் பேரையும் அடுத்த ரமளானிலும் அதே வரிசையில் நிற்க வைக்கிறோம். பத்துப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு அந்தப் பத்துப் பேரும் வரிசையில் இருக்கிறார்களா என்று ஏன் பார்க்கக் கூடாது?

அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருப்பவளுக்கு, தொழில் தெரிந்து முதல் இல்லாதவளுக்கு, கடன் பொருந்தும். வட்டியில்லாக் கடன். நடக்காத காரியம் என்று சிலர் சொல்லக்கூடும். பாகிஸ்தானின் லாகூரில் டாக்டர் அம்ஜத் சாகிப் 2001இல் தொடங்கிய அகுவத் அமைப்பைப் பாருங்கள். முதல் கடன் 10,000 ரூபாய். வாங்கியவர் ஒரு விதவை. தையல் இயந்திரத்தில் உழைத்து ஆறே மாதத்தில் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் லட்சக்கணக்கான குடும்பங்கள். கடன் வழங்கும் இடம் பெரும்பாலும் பள்ளிவாசல். கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயத்திலும் வழங்கினார்கள். 2021இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அரசு நிதியும் பின்னால் சேர்ந்தது உண்மை. ஆனால் தொடங்கியது நாலு நண்பர்களின் கைப்பணத்தில்.

இனி ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளையே சந்தைக்குப் போய் ஐம்பது ஆடுகளைப் பிடித்து வந்து, மேடை போட்டு, போட்டோ எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஹோண்டுராசில் கொடுத்த கோழிகள் பல நோயில் செத்துப் போயின. அங்கே திட்டமும் சறுக்கியது. ஆடு வாங்குவது சுலபம். நமக்குக் கை வராதது அந்த வாராந்திர வருகை. இரண்டு வருடம், வாரத்தில் ஒரு நாள், ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் ஆட்டுக்குத் தடுப்பூசி போட்டாயா, குட்டியை யாருக்கு விற்றாய், காசு உன்னிடம் இருக்கிறதா அண்ணனிடம் போய்விட்டதா என்று கேட்க வேண்டும். ஆண்களால் அது முடியாது. பெண் வேண்டும்.

நிஸ்வான் மதரஸாவில் ஐந்து வருடம் ஓதி ஆலிமா பட்டம் வாங்கிய பெண் பிள்ளைகள் நம் ஊர்தோறும் இருக்கிறார்கள். எழுதத் தெரியும், கணக்குத் தெரியும், எந்த வீட்டு அடுப்படி வரைக்கும் போக முடியும். ஒருவரை ஜமாஅத் நியமிக்கட்டும். ஜகாத்தை வசூலித்துப் பங்கிடுபவர்களுக்கு ஒரு பங்கை மார்க்கமே ஒதுக்கியிருக்கிறது. தனி அமைப்பின் பணியாளர் அதில் அடங்குவாரா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சந்தேகப்படுபவர்கள் ஸதகா பணத்திலிருந்து கொடுங்கள். ஆனால் மாதாமாதம் கொடுங்கள், தொகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். 'தீனுக்காகச் செய்மா' என்று சொல்லி அந்தப் பிள்ளையிடம் இலவசமாக வேலை வாங்காதீர்கள்.